மருட்கையும் அளவையும்: ஆர்தர் கிளார்க்கின் புனைகதைகள்

1. முன்னுரை

இலக்கியத் திறனாய்வில் அறிவியற் புனைகதைக்கு உரிய இடம் யாது என்பது இன்னும் முடிவு காணப்பெறாத வினாவாகவே இருந்து வருகின்றது. அதனைப் பொழுதுபோக்கு நூலென ஒதுக்குவாரும் உளர். வருவதுரைக்கும் நூலெனப் போற்றுவாரும் உளர். ஒதுக்குவார், அக்கதைகளில் மக்கள் உள்ளத்தின் ஆழம் இல்லை என்பர். போற்றுவார், கதையிற் கூறப்பட்ட கருவி பின்னாளில் உண்மையாகவே அமைந்தது என்பதனைச் சான்றாகக் காட்டுவர். இவ்விரு சாராரும் கதையைக் கதையாக நோக்கினாரல்லர் என்பது எமது கருத்து. முன்னவர் அதன்கண் இல்லாததனைத் தேடினர். பின்னவர் அதற்குப் புறத்தே நின்று அளந்தனர்.

ஆர்தர் சி. கிளார்க் (1917–2008) இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க ஆசிரியர் ஆவர். அவர் அறிவியலை முறையாகக் கற்றவர். செய்தித் தொடர்புக்குரிய துணைக்கோள்களைப் பற்றி, அவை ஏவப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கணித்து எழுதியவர். புனைகதையாசிரியராகவும் உலகப் புகழ் எய்தியவர். தம் வாழ்நாளிற் பாதிக்கு மேற்பட்ட காலத்தை இலங்கையிற் கழித்தவராதலின், திருக்கோணமலையின் வரலாற்றோடும் அவர் பெயர் இயைபு கொண்டுள்ளது. எல்லாவற்றையும் அளந்து விளக்கிவிடல் வேண்டும் என்னும் வேட்கையுடைய இவ்வறிஞர், விளக்காது நிறுத்திய இடங்களிலேயே சிறந்த கலைஞராக விளங்குகின்றார் என்பதனை அவருடைய நூல்களைக் கொண்டே நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வாழ்க்கை

கிளார்க் 1917ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 16ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் மாவட்டத்தில் மைன்ஹெட் என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். தந்தையார் முதல் உலகப் போரிற் பணியாற்றி மீண்டு உழவுத் தொழில் செய்தவர். கிளார்க்கின் பதின்மூன்றாம் அகவையில் மறைந்தார். குடும்பப் பொறுப்பு முழுவதும் தாயார்மேல் விழுந்தது. டான்டன் நகரில் உயர்நிலைக் கல்வி கற்ற இளைஞர், அமெரிக்காவிலிருந்து வந்த மலிவு விலைக் கதையிதழ்களை விரும்பிப் படித்தார். ஓலாப் ஸ்டேபில்டன் 1930இல் வெளியிட்ட ‘கடைசி மனிதரும் முதல் மனிதரும்’ என்னும் நூல் மைன்ஹெட் நூலகத்தில் அவர் கைக்குக் கிட்டியது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தை ஒரே கதையுள் அடக்கிய அந்நூல் அவருடைய கற்பனைக்கு அளவுகோலாக அமைந்தது எனலாம்.

பல்கலைக்கழகம் புகப் பொருள் வசதி இன்மையால், 1936இல் இலண்டன் சென்று அரசின் தணிக்கைத் துறையிற் பணி ஏற்றார். பகலிற் கணக்குத் தணிக்கையும், மாலையிற் பிரிட்டானியக் கோளிடைப் பயணக் கழகத்தின் உரையாடல்களுமாக அவருடைய நாள்கள் கழிந்தன. நிலவுக்குச் செல்லுதல் பற்றிப் பேசுவோரை உலகம் நகையாடிய காலம் அது. இரண்டாம் உலகப் போரில் அரச வான்படையிற் சேர்ந்து, பனி மூடிய வானத்தில் வழியறியாது தடுமாறும் விமானங்களை நிலத்திலிருந்தே ராடாரின் துணையால் இறக்கும் முறையிற் பணியாற்றினார்.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஒயர்லெஸ் வேர்ல்டு’ என்னும் இதழில் அவர் எழுதிய கட்டுரையே பின்னாளில் அவர் பெயரை நிலைநிறுத்தியது. நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு துணைக்கோளை நிறுத்தின், அது நிலவுலகம் சுழலும் வேகத்திலேயே தானும் சுற்றி, ஓரிடத்தின் மேல் அசையாது நிற்பது போலத் தோன்றும். அத்தகைய மூன்று கோள்களால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்பது அதன் கருத்து. 1964இல் அம்முறையிற் செயற்பட்ட முதற் கோள் ஏவப்பட்டது. ஆயின், கிளார்க்கின் கட்டுரையை ஊன்றிப் படிப்பார்க்கு வேறொன்றும் புலனாகும். அவர் கருதிய நிலையங்களில் மனிதர் வாழ்தல் வேண்டும். பழுதுற்ற வானொலிக் குழாய்களை மாற்றுவதற்கு ஆள் வேண்டுமன்றோ! கணிப்பு உண்மையாயிற்று, கணித்தபடியே உண்மையாகவில்லை. வருவதுரைத்தலைக் கொண்டு ஓர் ஆசிரியரின் சிறப்பை அளத்தல் எத்துணைப் பொருந்தாது என்பதற்கு அவருடைய புகழ் வாய்ந்த கட்டுரையே சான்றாக நிற்கின்றது.

போருக்குப் பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் பயின்று முதல் வகுப்பில் தேறினார். அதன்பின் எழுத்தே அவர் தொழிலாயிற்று. 1950களின் தொடக்கத்தில் அவர் கடலில் மூழ்கி நீந்தும் கலையைக் கற்றார். நீருக்கடியில் உடல் எடையற்று மிதத்தல் விண்வெளிப் பயணியின் நிலையை ஒத்திருத்தலே அவரைக் கடலுக்கு ஈர்த்தது. ஆத்திரேலியப் பவளத்திட்டுக்குச் செல்லும் வழியில் 1954இல் கொழும்புத் துறையிற் சிறிது தங்கியவர், 1956இல் இலங்கையையே உறைவிடமாகக் கொண்டார். அங்கேயே 2008ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள் தம் தொண்ணூறாம் அகவையில் மறைந்தார். எச்சமயச் சடங்கும் இன்றித் தம்மை அடக்கம் செய்தல் வேண்டும் என அவர் எழுதி வைத்திருந்தார், அவ்வாறே செய்யப்பட்டது.

3. திருக்கோணமலைக் கடல்

கிளார்க்கின் இலங்கை வாழ்வில் தமிழாய்வாளர் நோக்கற்குரிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருக்கோணமலைக் கோயில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கீசியரால் இடிக்கப்பட்டது. கற்கள் சில கோட்டை கட்டப் பயன்பட்டன. சில செங்குத்தான பாறையினின்றும் கடலுள் வீழ்ந்தன. இலங்கைக்கு வந்த தொடக்க காலத்திலேயே கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் அப்பாறையின் அடியில் மூழ்கி, செதுக்கு வேலையுடைய கற்களும் தூண்களும் கடலடியிற் கிடத்தலைக் கண்டனர். 1957இல் வெளியான ‘தப்ரபேனின் பவளப் பாறைகள்’ என்னும் நூலிற் கிளார்க் இதனை விரித்துரைத்துள்ளார்.

மறைந்துபோன கோயிலின் தூண் மீன்கள் உலவும் நீரில் சாய்ந்து கிடக்கின்றது. மேலே பாறையின் உச்சியில் இன்றும் வழிபாடு நடைபெறுகின்றது. மூழ்குபவன் கல்லைத் தொட்டு அளக்கலாம். அதனைச் செதுக்கினோர் உள்ளத்தை அளத்தற்கில்லை. வேற்றினத்தார் விட்டுச் சென்ற பொருள் ஒன்றை மக்கள் தற்செயலாகக் கண்டெடுத்து அதன்முன் திகைத்து நிற்றல் கிளார்க்கின் கதைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றது. இக்கருத்து அவருக்குத் திருக்கோணமலையிற் பிறந்தது என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1948இல் எழுதி 1951இல் வெளியான ‘காவற்பொருள்’ என்னும் சிறுகதையிலேயே அது முற்ற அமைந்துள்ளது. தாம் முன்னரே கற்பனையிற் கண்ட காட்சியை அவர் திருக்கோணமலைக் கடலிற் கண்ணாற் கண்டார் என்பதே பொருந்தும்.

4. மருட்கை என்னும் அளவுகோல்

கிளார்க்கின் புனைகதைகளை அளப்பதற்கு எவ்வளவுகோலைக் கொள்வது? மேனாட்டுத் திறனாய்வாளர் நாவலுக்குப் பாத்திரப் படைப்பினையே பெரும்பாலும் உயிராகக் கொள்வர். அதனைக் கொண்டு அளப்பின் கிளார்க் தோற்பது உறுதி. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய மருட்கை இவண் நமக்குத் துணை செய்யும். மருட்கை என்பது வியப்பு. அது பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கனைக் கூறுவர். முன்பு காணாததாகிய புதுமையும், அளவிறந்த பெருமையும், நுண்ணிய சிறுமையும், ஒன்று பிறிதொன்றாகத் திரிதலாகிய ஆக்கமும் என உரையாசிரியர் வழிநின்று அவற்றை விளக்கலாம். அறிவு அமைதி பெறாத நிலையோடு மருட்கையை இயைத்துக் கூறுதலும் கருதத்தக்கது. அறிவு நிரம்பிய இடத்து வியப்பு நீங்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இங்கே ஒரு தடை எழும். அறிவியல் என்பது அறிவை நிரப்புவது. ஆகவே அறிவியற் புனைகதையில் மருட்கை நிலைபெறுதல் எவ்வாறு? இத்தடைக்குக் கிளார்க்கின் சிறந்த கதைகளே விடை தருகின்றன. அவர் அளவை வழியே நம்மை நெடுந்தொலைவு அழைத்துச் செல்கின்றார். அளவை முடியும் எல்லையிற் கொண்டு நிறுத்துகின்றார். முதலிலேயே மயங்கச் செய்யும் மாயக்கதை வேறு. அறிந்து அறிந்து சென்று அறியாமையின் விளிம்பைக் காட்டும் இக்கதை வேறு.

1955இல் வெளியான ‘விண்மீன்’ என்னும் சிறுகதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிறித்தவத் துறவியும் வானநூல் அறிஞருமான ஒருவர், வெடித்துச் சிதறிய விண்மீன் ஒன்றன் எச்சங்களை ஆராயச் செல்கின்றார். தப்பிய ஒரு கோளில், அழிந்துபட்ட மக்கள் தம் நினைவுச் சின்னங்களைப் புதைத்து வைத்திருத்தலைக் காண்கின்றார். அவர்கள் அழகிய வாழ்வு வாழ்ந்தவர்கள் என்பது அவற்றால் தெளிவாகின்றது. துறவி, விண்மீன் வெடித்த காலத்தைக் கணிக்கின்றார். அதன் ஒளி நிலவுலகை எய்திய ஆண்டையும் கணிக்கின்றார். அவ்வொளியே இயேசு பிறந்த ஞான்று பெத்லகேமின்மேல் தோன்றிய விண்மீன் என்னும் முடிவு பிறக்கின்றது. இங்கே கணக்கில் ஐயமில்லை. கணக்குத் தெளிவுற்றமையாலேயே விடையிறுக்க இயலாத வினா எழுகின்றது: ஒரு பிறப்பை அறிவிக்க ஓர் இனம் எரிதல் வேண்டுமோ? கணிப்புச் சிறிது ஐயுறத்தக்கதாக இருந்திருப்பின் துறவிக்கு ஒதுங்க இடம் கிடைத்திருக்கும். அளவையின் துல்லியமே அவ்விடத்தை அடைத்துவிட்டது.

1953இல் வெளிவந்த ‘கடவுளின் தொள்ளாயிரம் கோடிப் பெயர்கள்’ என்னும் கதையும் இவ்வாறே இயங்குகின்றது. கடவுளின் பெயர்கள் அனைத்தையும் எழுதி முடித்தலே உலகம் படைக்கப்பட்டதன் பயன் என நம்பும் திபெத்தியத் துறவிகள், தம் கையால் 15,000 ஆண்டுகள் ஆகும் அப்பணியை நூறு நாளில் முடிக்கக் கணிப்பொறியை வாடகைக்குப் பெறுகின்றனர். பொறியை இயக்க வந்த இருவரும் இதனை நகைப்போடு நோக்குகின்றனர். பணி முடிந்தும் உலகம் முடியாதபோது துறவிகள் சினங்கொள்வரே என அஞ்சி முன்னதாகவே புறப்படுகின்றனர். மலைவழியில் அவர்கள் அண்ணாந்து நோக்கும்போது விண்மீன்கள் ஒவ்வொன்றாக ஒளியிழக்கின்றன. பொறியின் விரைவும் எழுத்துகளின் கணக்கும் முன்னரே விரிவாகக் கூறப்பட்டமையால், இம்முடிவு வலிந்து புகுத்தியதாகத் தோன்றவில்லை. காரணம் கூறாமலேயே கதை முடிந்துவிடுகின்றது.

5. கைவிடப்பட்ட வரைவுகள்

இதுகாறும் கூறியவை எமது ஊகம் மட்டுமோ, ஆசிரியர் தாமும் இவ்வழியே சென்றாரோ என்னும் ஐயம் எழலாம். இதனைத் தீர்க்கும் சான்று ஒன்று உளது. 1968இல் வெளியான ‘2001: விண்வெளிப் பயணம்’ என்னும் திரைப்படமும் நாவலும், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் கிளார்க்கும் 1964 தொடங்கி இணைந்து உருவாக்கியவை. இப்பணியில் எழுதிக் கைவிட்ட பகுதிகளைக் கிளார்க் 1972இல் ‘2001இன் மறைந்த உலகங்கள்’ என்னும் தனி நூலாக வெளியிட்டார். ஒரு நூலின் பாட வேறுபாடுகளை ஆராயும் வழக்கமுடைய நமக்கு இந்நூல் பெரும்பயன் தருவதாகும்.

கைவிட்ட வரைவில் வேற்றுலகத்தான் ஒருவன் உருவத்தோடு தோன்றுகின்றான். கிளிண்டார் என்பது அவன் பெயர். தொன்மைக் காலத்து ஆப்பிரிக்காவில், மனிதராக இன்னும் மாறாத உயிர்களிடையே அவன் நேரில் உலவுகின்றான். அவனுடைய எண்ணங்களும் ஆசிரியரால் நமக்கு உரைக்கப்படுகின்றன. படிப்பதற்கு இனிமையான பகுதியே அது. ஆயினும் அதனைப் படிக்குங்கால் மருட்கை பிறப்பதில்லை. வந்தவன் நல்லாசிரியன் போலத் தோன்றுகின்றான். அவன் நோக்கம் நமக்கு விளங்கிவிடுகின்றது. நம் அறிவு அமைதி பெறுகின்றது.

இறுதி வடிவில் கிளிண்டார் இல்லை. அவனுக்கு மாற்றாக ஒரு கற்பலகை மட்டுமே நிற்கின்றது. அதன் தடிமனும் அகலமும் நீளமும் 1, 4, 9 என்னும் விகிதத்தில் அமைந்தன என்று நாவல் கூறுகின்றது. இவை முதல் மூன்று எண்களின் வர்க்கங்கள். அளவு துல்லியமாக உள்ளது. அறிவுடையோர் ஆக்கியது என்பது அதனால் விளங்குகின்றது. ஆக்கியோர் யாவர், எத்தகையர், எதன்பொருட்டு ஆக்கினர் என்பனவற்றைப் பலகை கூறவில்லை. வேற்றுலகத்தாரைத் திரையில் உருவத்தோடு காட்ட மேற்கொண்ட முயற்சியும் கைவிடப்பட்டது. ஓர் உயிரை நீக்கிவிட்டு ஓர் அளவை நிறுத்தியமையாற் கதை உயர்ந்தது. எமது கோட்பாட்டிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்கு மறுதலையான சான்றும் அவர் நூல்களிலேயே கிடைக்கின்றது. இக்கதையின் தொடர்ச்சியாக அவர் 1982, 1987, 1997 ஆகிய ஆண்டுகளில் மூன்று நாவல்கள் எழுதினார். இறுதி நாவலாகிய ‘3001’இல் அப்பலகை ஒரு பொறியென்பது வெளிப்படையாகின்றது, கணிப்பொறிகளைக் கெடுக்கும் நச்சுநிரல்களால் மக்கள் அதனைச் செயலறச் செய்கின்றனர். புதுமை பழகிப்போயிற்று. நூல்களைத் தொடர்ந்து படித்து வருவோர்க்கு ஏற்படும் ஏமாற்றம், கதை நிகழ்ச்சியால் வந்ததன்று, விளக்கத்தால் வந்தது.

6. இராமா என்னும் கலம்

கிளார்க்கின் நாவல்களுள் தலையாயது என யாம் கருதுவது 1973இல் வெளியான ‘இராமாவுடன் சந்திப்பு’ ஆகும். 2131ஆம் ஆண்டில் ஞாயிற்று மண்டலத்துள் ஒரு பொருள் நுழைகின்றது. கிரேக்க உரோமானியத் தெய்வப் பெயர்கள் தீர்ந்துவிட்டமையால் வானநூலார் இந்துத் தெய்வப் பெயர்களை இடத் தொடங்கியிருந்தனர். அவ்வகையில் அதற்கு இராமா என்று பெயர் அமைந்தது. சிறுகோள் எனக் கருதப்பட்ட அது, 50 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் விட்டமும் உடைய உருளை வடிவமான கலமாக வெளிப்படுகின்றது. உள்ளே கூடான அவ்வுருளை நான்கு நிமிடத்திற்கு ஒருமுறை சுழல்கின்றது. சுழற்சியால் உட்சுவரே நிலமாகின்றது. நடுவே வளையமாக ஒரு கடல் உறைந்து கிடக்கின்றது. நார்ட்டன் என்னும் தலைவனும் அவன் கீழ்ப்பட்ட மாலுமியரும் உள்ளே புகுந்து ஆராய்கின்றனர்.

இந்நாவலிற் பெரும்பகுதி நிலத்தைப் பற்றிய வருணனையே. படிகளில் இறங்குதல், விளக்கு ஏற்றுதல், காற்றை அளத்தல், கடல் உருகுதல், புயல் எழுதல் என ஒவ்வொன்றும் பௌதிக விதிகளின்படி நிகழ்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது நம் இலக்கண மரபு. கிளார்க்கின் இந்நாவலில் முதற்பொருளே தலைமை பெறுகின்றது. அந்நிலத்தில் இயங்கும் உயிர்ப்பொறிகள் கருப்பொருளாகின்றன. உரிப்பொருள் எங்கே எனின், மருட்கை என்பதே விடை. மாலுமியரின் தனி வாழ்வு பற்றி ஆசிரியர் மிகச் சிலவே கூறுகின்றார். அவர்கள் பெருமையின்முன் நிற்கும் சிறியராக இருத்தலே கதைக்குப் போதுமானது.

முடிவில் இராமா ஞாயிற்றை நெருங்கி, வேண்டும் ஆற்றலைப் பெற்றுக்கொண்டு, விண்வெளியின் இருளுட் செல்கின்றது. அதனை அனுப்பினோர் வெளிப்படவேயில்லை. மனிதர் வந்து போனதையும் அது பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இதுவே நூலின் உயர்வு என்க. மனிதனுக்குச் செய்தி சொல்ல வந்த வேற்றுலகத்தாரைப் பற்றிய கதைகள் பல. மனிதனைக் கருதாமலே கடந்து சென்ற ஒன்றைப் பற்றிய இக்கதை, உலகம் நம்பொருட்டே அமைந்தது என்னும் செருக்கை ஒரு சொல்லும் கூறாமல் நீக்குகின்றது. ஜென்ட்ரி லீ என்பாருடன் சேர்ந்து 1989 முதல் 1993 வரை வெளியிட்ட மூன்று தொடர் நாவல்கள், இராமாவை ஆக்கியோர் யார் என்பதனையும் அவர் நோக்கத்தையும் விளக்குகின்றன. அவற்றில் மாந்தர் மிகுதி. குடும்ப வாழ்வும் பூசல்களும் மிகுதி. முதல் நூலில் இல்லை எனக் குறை கூறப்பட்டவை அனைத்தும் அவற்றில் உள. ஆயினும் முதல் நூல் நெஞ்சில் நிற்பது போல அவை நிற்பனவல்ல.

7. ‘சுவர்க்கத்தின் நீரூற்றுகள்’

இலங்கையைக் களமாகக் கொண்டு கிளார்க் எழுதிய பெருநாவல் 1979இல் வெளியான ‘சுவர்க்கத்தின் நீரூற்றுகள்’ ஆகும். நிலத்திலிருந்து துணைக்கோள் வரை ஒரு கம்பியை நிறுத்தி, அதன் வழியே மின்தூக்கி போல விண்வெளிக்கு ஏறும் கோபுரம் அமைப்பதே கதை. இக்கருத்தைச் சோவியத்துப் பொறியியலார் யூரி அர்த்சுதானோவ் 1960இலேயே வெளியிட்டிருந்தார். கோபுரத்தின் அடி நிலநடுக்கோட்டில் அமைதல் வேண்டுமாகலின், கிளார்க் இலங்கையைத் தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்னும் பழம்பெயர் சூட்டினார். சிவனொளிபாதமலை அவர் நாவலிற் சிறீகந்த என்னும் பெயரோடு மேலும் உயர்ந்து நிற்கின்றது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அரண்மனை எழுப்பிய சிகிரியா யக்ககல ஆகின்றது. மன்னன் காளிதாசன் ஆகின்றான்.

கோபுரம் எழும்ப வேண்டிய மலையுச்சியிற் பழைய மடம் ஒன்று உள்ளது. துறவிகள் இடம் தர மறுக்கின்றனர். மன்னனுடைய பொன்வண்ணத்துப்பூச்சிகள் மலையுச்சியை எய்தும் நாளில் துறவிகள் நீங்குவர் என்பது பழைய வாக்கு. முன்பு விண்வெளி அறிஞராயிருந்து துறவு பூண்ட ஒருவர், பொறியாளர் மார்கனின் சோதனையைத் தடுக்கக் கருதி, வானிலையை அடக்கியாளும் பொறிகளைத் தவறாக ஏவிப் புயல் ஒன்றை எழுப்புகின்றார். அப்புயலே பூச்சிகளை அடித்துக்கொண்டு உச்சியிற் சேர்த்துவிடுகின்றது. துறவிகள் மலையை விட்டு இறங்குகின்றனர்.

இப்பகுதியின் திறம் நுணுகி நோக்கத்தக்கது. பூச்சிகள் எவ்வாறு வந்தன என்பதற்கு முழுமையான காரணம் கூறப்பட்டுள்ளது; தெய்வச் செயல் எதுவும் இல்லை. ஆயினும் வாக்கு நிறைவேறிவிட்டது. காரணம் விளங்கியும் பொருள் விளங்காத நிலை இது. மலையின் பெருமையும் கோபுரத்தின் பெருமையும் பொருத நூலில், போரை முடிவு செய்வது பூச்சியின் சிறுமை. மார்கனும் தன் கோபுரத்தின் வெற்றியை நெடுங்காலம் கண்டு மகிழவில்லை. நடுவழியிற் சிக்கியவர்க்கு உதவ ஏறிச் சென்று, மீளும் வழியில் நெஞ்சு நோயால் உயிர் துறக்கின்றான். காளிதாசனும் மார்கனும் விண்ணை எட்ட முயன்ற இருவர் என்னும் ஒப்புமையை ஆசிரியர் நூல் முழுவதும் அமைத்துச் செல்கின்றார்.

இவண் ஒரு குறையையும் சுட்டுதல் கடனாகும். நாவலின் கட்டுக்கோப்புச் சிகிரியாவையும் சிவனொளிபாதத்தையுமே பற்றி நிற்கின்றது. அம்மலை பௌத்தர்க்கேயன்றிச் சைவர்க்கும் இசுலாமியர்க்கும் கிறித்தவர்க்கும் புனிதமானது. பல சமயத்தாரின் வழிபாட்டை ஏற்ற மலை, நாவலில் ஒரு மடத்தின் உடைமையாகச் சுருங்குகின்றது. திருக்கோணமலைக் கடலடியைத் தாமே கண்ட ஆசிரியர், தீவின் பன்முகத் தன்மையைக் கதைக்கு உரமாகக் கொண்டிருப்பின் நாவல் மேலும் ஆழம் பெற்றிருக்கும்.

8. தடையும் விடையும்

கிளார்க்கின்மேற் சாற்றப்படும் குற்றங்கள் இரண்டு. முதலாவது, அவர் மாந்தர் உயிரற்றவர் என்பது. இதில் உண்மை உண்டு. 1951இல் வெளியான ‘விண்வெளிக்கு முன்னுரை’ போன்ற நூல்களில் மாந்தர் செய்திகளை எடுத்துரைக்கும் வாயில்களாகவே உள்ளனர். அவர் நூல்களில் மகளிர்க்கு இடம் குறைவு. மருட்கை பிறக்கும் நூல்களில் இக்குறை தோன்றாது. அது பிறவாத நூல்களில் மறைக்க ஒன்றும் இல்லாமையாற் பெரிதாகத் தோன்றும். இராமாவின் மாலுமியர் உயிருள்ளவர் என்று வாதிடுதல் வேண்டுவதில்லை. அந்நூலின் சுவை அவர்களைச் சார்ந்து நிற்கவில்லை என்பதே விடை.

இரண்டாவது, விளக்காது விடுதல் ஆசிரியரின் இயலாமையை மறைக்கும் உத்தி என்பது. இதற்கு 1953இல் வெளியான ‘குழந்தைப் பருவத்தின் முடிவு’ விடை கூறும். அந்நாவலில், நிலவுலகை அடைந்து போரும் வறுமையும் ஒழித்து ஆட்சி செய்யும் மேலாளர் என்னும் வேற்றுலகத்தார் அறிவின் உச்சியில் நிற்பவர். மனிதக் குழந்தைகள் தம் தனித்தன்மை நீங்கிப் பேருள்ளம் ஒன்றனோடு கலக்கும் ஆக்கத்தை அவர்கள் அருகிருந்து காக்கின்றனர். ஆனால் அந்நிலையைத் தாம் என்றும் எய்தமாட்டார்கள். எல்லாம் அறிந்தும் ஒன்றை எய்த இயலாத அவர்தம் துயரமே அந்நாவலின் உயிர். கிளார்க் படைத்த மாந்தருள் நெஞ்சை உருக்குவோர் மனிதரல்லாத இம்மேலாளரே என்பது கருதத்தக்கது. அந்நூலிற் காணும் கருத்துகள் தம் கருத்துகள் அல்ல என்னும் குறிப்பையும் ஆசிரியர் முகப்பிற் சேர்த்திருந்தார். அறிஞராகிய கிளார்க் ஏற்காத ஒன்றைக் கலைஞராகிய கிளார்க் கண்டு எழுதினார் என்பதற்கு அக்குறிப்பே ஒப்புதலாகின்றது. இயலாமையை மறைப்பவன் இவ்வாறு தன் நூலுக்கே மறுப்பு எழுதமாட்டான்.

9. முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படும். கிளார்க்கின் புனைகதைகளில் தலைமை பெறும் மெய்ப்பாடு மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் அதற்கு நிலைக்களன்களாக அவர் நூல்களில் வருகின்றன. ஒரு நூலுக்கு ஒன்றெனப் பிரித்தல் எமது கருத்தன்று. அம்மருட்கை அளவையின் துல்லியத்தாற் பிறந்து, அளவை முடியும் எல்லையில் நிலைபெறுகின்றது. 2001இன் கைவிட்ட வரைவுகளும், பின்னெழுந்த தொடர் நாவல்களும் இதனை இருபுறமும் நின்று உறுதி செய்கின்றன.

துணைக்கோள் பற்றிய கட்டுரை உண்மையாயிற்று என்பதனாற் கிளார்க்கைப் போற்றுவோர், அவர் கூறிய பிற கருவிகள் காலப்போக்கிற் பழமையாகும்போது அவரை மறத்தல் கூடும். கணிப்பொறியின் வடிவம் மாறிவிட்டது. நிலவிற் குடியேற்றம் அவர் கருதிய காலத்தில் நிகழவில்லை. இராமா விளக்கம் ஏதுமின்றி நம்மைக் கடந்து இருளுட் செல்லும் காட்சிக்கு அத்தகைய மூப்பு இல்லை. தமிழில் அறிவியற் புனைகதை எழுதப் புகுவோர்க்கு இதனால் ஒன்று கூற விரும்புகின்றோம். கருவிகளை விளக்குதல் எளிது. கற்போர் விரைவில் அதனை மறப்பர். கணக்கைப் பிழையறக் காட்டி, கணக்கிற்கு அப்பாலுள்ள வினாவைக் கற்போர் நெஞ்சில் விட்டு நிறுத்துதல் அரிது. மருட்கையை மெய்ப்பாடாக வகுத்துக் கண்ட மரபில் வந்த நமக்கு அவ்வழி அயலானதன்று.